சண்டை போடாத ராஜா

அரண்மனை என்றவுடன் நம்மில் பலருக்கு அடுத்த தேசத்து அரண்மனைதான் நினைவுக்கு வருகிறது. வெர்சேல்ஸ் என்கிறோம், பக்கிங்ஹாம் என்கிறோம். காலண்டர் படங்களில் பார்த்தே அவற்றைப் பாதி தரிசித்தாகிவிட்டது. நம் பக்கத்து அரண்மனைகளைப் பற்றியோ, ‘அங்கே என்ன இருக்கப்போகிறது, இடிந்த சுவரும் வௌவாலும்தானே!’ என்று முன்கூட்டியே தீர்ப்பு எழுதி வைத்திருக்கிறோம். கொல்லையில் மல்லிகை பூத்திருக்க, எதிர்வீட்டு ரோஜாவுக்கு ஏங்குவது மனித சுபாவம் போலும்.

இந்த விஷயத்தில் எங்கள் திருப்பூர்க்காரர்களை அதிகம் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊரில் அரண்மனையே கிடையாது. நொய்யல் கரையில் பருத்தி மண்டிகள் இருந்தன. பஞ்சு அரைக்கும் ஆலைகள் வந்தன. பிறகு பனியன் கம்பெனிகள் வந்தன. ராஜா யாரும் வந்து குடியிருக்கவில்லை. ஊருக்குப் பெருமை தேடித் தந்தவர் ஒருவர் உண்டு. 1932 ஜனவரி 10-ஆம் தேதி கையில் கொடியுடன் தடியடி பட்டு, மறுநாள் உயிர் நீத்த குமரன் அவர். அவர் ராஜா அல்ல. ராஜாக்களுக்கு எதிரான காலத்தின் பிள்ளை. ஆகவே அரண்மனை பார்க்க ஆசைப்படுகிற திருப்பூர்க்காரர் ரயில் ஏறித்தான் ஆகவேண்டும். இப்போதெல்லாம் விமானமே ஏறிவிடுகிறார்கள்.

அப்படி ஏறிப் போய் வந்தவர்களில் ஒருவர் என் நண்பர். பனியன் ஏற்றுமதி செய்கிறவர். வியாபார விஷயமாக ஐரோப்பாவுக்குப் போனவர், வேலை முடிந்து ஒரு நாள் மிச்சம் இருக்க, வியன்னா நகரத்து அரண்மனைகளையும் பொருட்காட்சிச் சாலைகளையும் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். வந்தது முதல் அவர் வாயில் வேறு பேச்சில்லை.

“ஷோன்புருன் அரண்மனையில மொத்தம் 1,441 அறைங்ணா! மொஸார்ட்டுன்னு ஒரு சங்கீத வித்துவான் இருந்தாருங்களே, 1762-ல, ஆறு வயசுப் பையனா இருக்கறப்ப அங்கதான் ராணிக்கு வாசிச்சுக் காட்டுனாராம். இன்னொரு மியூசியத்துல சித்திரமெல்லாம் பார்த்தனுங்க. ராஜா குடும்பம் தலைமுறை தலைமுறையா சேர்த்து வச்சதாமா. நம்ம பக்கம் அப்படி ஒரு ராஜாவைச் சொல்லுங்க பார்க்கலாம்!”

சொல்வதைவிடக் காட்டுவது மேல் என்று எனக்குப் பட்டது. “ஒரே ஒரு நாள் எனக்குக் கொடுங்கள்” என்றேன். அவர் ஒப்புக்கொண்டதே பெரிய காரியம். எங்கள் ஊரில் ஏற்றுமதிக்காரரிடம் கடன் கேட்டால்கூடக் கிடைக்கலாம். ஒரு நாள் கிடைப்பது அரிது.

கோயமுத்தூரிலிருந்து மன்னார்குடிக்குப் போகிற செம்மொழி எக்ஸ்பிரஸில் இரவு ஏறினோம். ஈரோடு, கரூர், திருச்சி எல்லாவற்றையும் தூக்கத்திலேயே கடந்து விடியற்காலையில் தஞ்சாவூரில் இறங்கினோம். பெரிய கோயிலை வெளியிலிருந்தபடியே ஒரு கும்பிடு போட்டுவிட்டு, குளித்துச் சிற்றுண்டி முடித்து, நேரே அரண்மனைக்குப் போனோம்.

தஞ்சை அரண்மனை ஒரே ராஜா, ஒரே திட்டத்தில் கட்டியது அல்ல. பதினாறாம் நூற்றாண்டில் நாயக்கர்கள் ஆரம்பித்தார்கள். அவர்களுக்குப் பின் மராத்தியர்கள் சேர்த்துக்கொண்டே போனார்கள். வீட்டில் பிள்ளைகள் பெருகப் பெருக ஓர் அறை, ஒரு தாழ்வாரம், ஒரு மாடி என்று இழுத்துக் கட்டுவோமே, அந்த மாதிரி. 1673-ல் மதுரைப் படை கோட்டைக்குள் புகுந்தபோது விஜயராகவ நாயக்கர் போரில் மாண்டார். நாயக்கர் ஆட்சி அதோடு முடிந்தது. சில ஆண்டுகளுக்குள் சத்ரபதி சிவாஜியின் தம்பி ஏகோஜி தஞ்சையைக் கைப்பற்றினார். அவர் வம்சம் 1855 வரை இங்கே இருந்தது. அண்ணன் தம்பி இருவரில் ஒருவர் பெயரைச் சரித்திரம் முழக்குகிறது. மற்றவர் பெயரைத் தஞ்சாவூரில் கூடச் சிலரே சொல்வார்கள்.

முதலில் கலைக்கூடத்துக்குள் நுழைந்தோம். 1951-ல் அரண்மனைக் கட்டடத்திலேயே தொடங்கப்பட்ட கூடம் இது. சோழர் காலத்துக் கற்சிலைகளும் செப்புத் திருமேனிகளும் வரிசையாக இருக்கின்றன. என் நண்பர் ஒவ்வொன்றையும் சரக்குப் பரிசோதிக்கிற கண்ணோடு பார்த்துக்கொண்டே வந்தவர், திருவெண்காட்டு ரிஷபவாகனர் முன்னால் நின்றுவிட்டார்.

1011-ஆம் ஆண்டில், முதலாம் ராஜராஜன் காலத்தில் அமைந்த மூர்த்தி அது. அடுத்த ஆண்டு தேவியின் திருமேனியும் சேர்ந்தது. திருவெண்காட்டில் பூமிக்கடியில் கிடந்து நம் காலத்தில்தான் வெளிப்பட்டது. சடையைத் தலைப்பாகைபோல் சுற்றிக்கொண்டு, ஒரு காலை ஊன்றி, மறுகாலைக் குறுக்கே மடக்கி, ஒரு கையைப் பக்கத்தில் நிற்கும் காளையின்மேல் ஊன்றியபடி இறைவன் சாய்ந்து நிற்கிறார்.

“காளை எங்கீங்க?” என்றார் நண்பர்.

“காளை இல்லை. காணாமல் போய்விட்டது.”

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “காளை போனது தெரியாமயே சாஞ்சு நிக்கறாருங்க” என்றார். ஷோன்புருனைப் பற்றி அன்று முழுவதும் அவர் பேசாமலிருந்த முதல் பத்து நிமிஷம் அதுதான்.

அங்கிருந்து தர்பார் மண்டபம். பெரிய பெரிய தூண்கள், வளைவுகள், மேலே வர்ணம் தீட்டிய சுதைகள். நடுவிலே வெள்ளைச் சலவைக்கல்லில் ஆளுயரச் சிலை ஒன்று நிற்கிறது. ஐரோப்பியச் சிற்பி செய்தது. மராத்தியத் தலைப்பாகையுடன் கைகூப்பி நிற்கும் அந்த மனிதர்தான் இரண்டாம் சரபோஜி மன்னர்.

நண்பர் சிலையைச் சுற்றி வந்தார். கொங்கு நாட்டுக்காரர் அல்லவா? கேள்வி எதிர்பார்த்தபடியே வந்தது.

“இவரு என்னென்ன சண்டை போட்டாருங்க?”

“ஒன்றும் போடவில்லை.”

“ஒண்ணுமேயா? அப்புறம் எதுக்குங்க சிலை?”

வாசகர்களுக்கும் இந்தக் கேள்வி எழலாம். ஆகவே கதையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லிவிடுகிறேன்.

துளஜா என்ற மன்னருக்கு வாரிசு இல்லை. 1787-ல் மரணப் படுக்கையில் இருந்தபோது பத்து வயதுப் பையன் ஒருவனைச் சுவீகாரம் எடுத்துக்கொண்டார். அவன்தான் சரபோஜி. மன்னர் கண்ணை மூடினார். அவருடைய தம்பி அமரசிம்மர், சுவீகாரம் செல்லாது என்று சொல்லி அரியணையில் ஏறிக்கொண்டார். பையனுக்குத் துணையாக நின்றவர் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார். ஜெர்மனியிலிருந்து வந்த ஷ்வார்ட்ஸ் என்பவர். தமிழும் மராத்தியும் கற்றவர். அரண்மனையில் இருந்தால் பையனுக்கு ஆபத்து என்று 1793-ல் அவனைச் சென்னைக்கு அனுப்பிப் படிக்க வைத்தார்கள். அதே 1793-ல்தான் பாரிஸ் நகரத்து மக்கள் தங்கள் ராஜாவின் லூவர் அரண்மனையைப் பொருட்காட்சிச் சாலையாகத் திறந்தார்கள். ராஜாவின் தலையை அதற்கு முன்பே வாங்கியாகிவிட்டது.

கம்பெனியார் கடைசியில் சரபோஜிக்கே பட்டம் என்று தீர்ப்புச் சொன்னார்கள். 1798-ல் அவர் அரியணை ஏறினார். கம்பெனியார் தீர்ப்புக்குக் கூலி வாங்காமல் இருப்பார்களா? அடுத்த ஆண்டு அக்டோபர் 25-ஆம் தேதி உடன்படிக்கை ஒன்று கையெழுத்தாயிற்று. நாட்டின் நிர்வாகம் முழுவதும் கம்பெனிக்கு. ராஜாவுக்குக் கோட்டையும் அதைச் சுற்றிய இடமும் மட்டும். அவர் செலவுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகன், அதோடு நாட்டின் நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு. இருபத்திரண்டு வயதில் சரபோஜி, நாடில்லாத ராஜா ஆனார். காளை போய்விட்டது, சாய்ந்து நிற்கிற நிலை மட்டும் மிஞ்சியது.

இந்த 1799-ஆம் ஆண்டு எங்கள் கொங்கு நாட்டுக்கும் மறக்க முடியாத ஆண்டு. அப்போது கொங்கு மைசூர் ஆட்சியில் இருந்தது. மே மாதம் 4-ஆம் தேதி சீரங்கப்பட்டணத்துக் கோட்டையில் திப்பு சுல்தான் சண்டையிட்டபடியே விழுந்தார். கொங்கு நாடு கம்பெனி வசமாயிற்று. ஆனால் திப்புவின் பக்கம் நின்ற தீரன் சின்னமலை பணியவில்லை. ஓடாநிலையில் கோட்டை கட்டினார். காவிரிக் கரையிலும் ஓடாநிலையிலும் அறச்சலூரிலும் கம்பெனிப் படையோடு மோதினார். 1805-ல் அவரைச் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிட்டார்கள்.

அதே 1805-ல் சரபோஜி மன்னர் என்ன செய்துகொண்டிருந்தார்? அரண்மனைக்குள்ளே அச்சுக்கூடம் வைத்து, தேவநாகரி எழுத்துக்களை வார்ப்பித்துக்கொண்டிருந்தார்.

நான் இதைச் சொன்னதும் நண்பருக்கு முகம் சிவந்துவிட்டது. “நம்மாளு தூக்குல தொங்கறாரு; இவரு எழுத்துக் கோக்கறாரா!” என்றார். சிலையைச் சுட்டிக்காட்டி, “யாரைப் பார்த்துங்க கும்பிட்டுட்டு நிக்கறாரு? கடவுளையா, கம்பெனிக்காரனையா?” என்றும் கேட்டார்.

நியாயமான கேள்விதான். நான் உடனே பதில் சொல்லவில்லை. “வாருங்கள், அவர் வீட்டுக்குள்ளே போய்ப் பார்ப்போம்” என்று சரஸ்வதி மகாலுக்கு அழைத்துப் போனேன்.

சரஸ்வதி மகால் நூலகம் நாயக்கர் காலத்திலேயே வேர்விட்டது. ஆனால் இன்று நாம் பார்க்கிற அளவுக்கு அதை வளர்த்தவர் சரபோஜி. பொது மக்கள் பார்ப்பதற்கென்று சிறிய காட்சிக்கூடம் ஒன்று வைத்திருக்கிறார்கள். உள்ளேயிருக்கும் செல்வத்தில் அது ஒரு கைப்பிடி. மொத்தச் சுவடிகள் நாற்பதாயிரத்துக்கும் மேல். அவற்றில் மிகப் பெரும்பகுதி சமஸ்கிருதம். தமிழ், மராத்தி, தெலுங்கும் உண்டு. பனை ஓலையிலும் உண்டு, காகிதத்திலும் உண்டு. மருத்துவம், சங்கீதம், நாட்டியம், சோதிடம், யானை வைத்தியம், குதிரை வைத்தியம் என்று எதையும் அவர் விடவில்லை. 1820-ல் காசி யாத்திரை புறப்பட்டபோது ஏறத்தாழ மூவாயிரம் பேர் கொண்ட பரிவாரம் கூடப் போயிற்று. புண்ணியத்துக்குப் போகிறவர்கள் கங்கைச் செம்பு கொண்டுவருவார்கள். இவர் சுவடிக் கட்டுக்களும் கொண்டுவந்தார். விலைக்குக் கிடைத்ததை வாங்கினார். கிடைக்காததைப் பண்டிதர்களை உட்காரவைத்துப் பிரதி செய்வித்தார்.

ஐரோப்பியப் புத்தகங்கள் நாலாயிரத்துக்கும் மேல் சேர்த்திருந்தார். ஆங்கிலத்தில் ஜான்சனின் அகராதி. பிரெஞ்சுச் சித்திரக்காரர் லெ புருன் எழுதிய முகங்கள். இந்த லெ புருன் மனித முகத்தையும் மிருக முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு எழுதியவர். ஆந்தைக்கும் ஆந்தை மூக்குக்காரருக்கும், ஒட்டகத்துக்கும் ஒட்டக உதட்டுக்காரருக்கும் உறவு காட்டுவார். என் நண்பர் ஒவ்வொரு படத்துக்கும் எங்கள் ஊரில் ஆள் கண்டுபிடித்துவிட்டார். பெயர்களை வெளியிடாமல் இருப்பது அவருக்கும் எனக்கும் நல்லது.

வேடிக்கை முடிந்து மருத்துவப் பகுதிக்கு வந்தோம். சரபோஜி ‘தன்வந்தரி மகால்’ என்று ஒரு வைத்தியசாலை வைத்திருந்தார். சித்த வைத்தியர், ஆயுர்வேதப் பண்டிதர், யுனானி ஹக்கீம், ஆங்கில முறை தெரிந்தவர் எல்லோரையும் ஒரே கூரையின் கீழ் உட்காரவைத்தார். பரீட்சை செய்து பலன் கண்ட மருந்துகளைக் குறித்து வைக்கச் சொன்னார். கண் நோய்க்காரர்களின் கண்களைச் சித்திரக்காரனைக் கொண்டு வர்ணத்தில் எழுதி, என்ன வியாதி, என்ன சிகிச்சை, என்ன பலன் என்று பதிந்து வைத்தார்கள். புரை விழுந்த கண், சிவந்த கண் என்று அந்தப் படங்களைப் பார்க்கும்போது, இருநூறு ஆண்டுகளுக்கு முன் தஞ்சாவூர்த் தெருவில் தடவித் தடவி நடந்து வந்த யாரோ ஒரு சாதாரண மனிதர் நம்மைப் பார்க்கிறார். போர் ஓவியங்களில் அவருக்கு இடம் கிடைத்திருக்காது.

1826-ல் கல்கத்தாவின் பிஷப் ஹீபர் தஞ்சைக்கு வந்தார். கருமை நிற ராஜா ஒருவர் லவாய்சியரையும் லின்னேயசையும் பற்றிச் சரளமாகப் பேசியதைக் கேட்டு அவர் வியந்து எழுதியிருக்கிறார். லவாய்சியர் ரசாயன சாஸ்திரத்தின் தந்தை. லின்னேயஸ் செடிகொடிகளுக்கு முறைப்படி பெயர் வைத்தவர். அந்த நாளில் ஐரோப்பாவிலேயே எத்தனை ராஜாக்கள் இவர்கள் நூல்களைத் திறந்து பார்த்திருப்பார்கள்?

என் நண்பர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு வியாபாரியின் கேள்வியைக் கேட்டார். “இத்தனைக்கும் காசு எங்கிருந்துங்ணா வந்துச்சு?”

அன்று முழுவதும் கேட்கப்பட்ட கேள்விகளில் அதுதான் சிறந்தது என்பேன். அரண்மனைகளைப் பார்க்கப் போகிறவர்கள் தூணை அளக்கிறார்கள், அறையை எண்ணுகிறார்கள்; இதைக் கேட்பதில்லை. காசு காவிரியிலிருந்து வந்தது. சேற்றில் இறங்கி நாற்று நட்டவர்களின் நெல்லிலிருந்து வந்தது. அந்த நெல்லின் வரியில் ஐந்தில் ஒரு பங்கு ராஜாவுக்கு. மற்ற நாலு பங்கு கம்பெனிக்கு. நட்டவர்களுக்கு இந்த உடன்படிக்கையில் கையெழுத்துப் போடும் வேலை இல்லை. ஷோன்புருன் மட்டும் வேறு எதில் கட்டப்பட்டது? அங்கேயும் கோதுமை விளைத்தவன் கொடுத்ததுதான். ராஜாக்கள் எல்லோரும் பிறர் காசில் வாழ்ந்தவர்கள். அந்தக் காசில் அவர்கள் எதை வாங்கினார்கள் என்பதில்தான் ஒருவருக்கொருவர் வித்தியாசம்.

சரபோஜி எல்லாவற்றையும் நல்லதற்கே செலவழித்தார் என்று நான் வாதாட மாட்டேன். பட்டுக்கோட்டைக்குத் தெற்கே கடற்கரையில் மனோரா என்று ஓர் உயர்ந்த கோபுரம் நிற்கிறது. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதைக் கொண்டாடி 1814, 1815-ஆம் ஆண்டுகளில் சரபோஜி எழுப்பியது. நெப்போலியன் அவருக்கு என்ன கெடுதல் செய்தான்? ஒன்றுமில்லை. எகிப்திலிருந்து திப்புவுக்கு உறவு கொண்டாடிக் கடிதம் எழுதியவன் அவன். கடிதம் வழியிலேயே பிடிபட்டது. என் நண்பர் பார்த்து மயங்கிய ஷோன்புருன் அரண்மனையிலேயே 1805-லும் 1809-லும் வெற்றி வீரனாக வந்து தங்கியவன். அவன் வீழ்ச்சிக்குத் தஞ்சாவூரில் கோபுரம் எழுப்பியது எஜமானருக்கு வீசிய சாமரம் அல்லாமல் வேறு என்ன?

“ஜால்ராதானுங்க!” என்றார் நண்பர், வெற்றிப் புன்னகையோடு.

“ஜால்ராதான்” என்றேன் நானும்.

ஆனால் இங்கே ஒரு விஷயம் யோசிக்க வேண்டியிருக்கிறது. திப்பு சுல்தானும் பெரிய நூலகம் வைத்திருந்தார். அரபியிலும் பார்ஸியிலும் அருமையான சுவடிகள் அதில் இருந்தன. அது என்ன ஆயிற்று? சீரங்கப்பட்டணம் விழுந்ததும் கம்பெனியின் கைக்குப் போயிற்று. சார்லஸ் ஸ்டூவர்ட் என்பவர் 1809-ல் அதற்கு ஒரு பட்டியல் அச்சிட்டார். பிறகு கல்கத்தாவுக்குக் கொஞ்சம், லண்டனுக்குக் கொஞ்சம், ஆக்ஸ்போர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் கொஞ்சம் என்று பிரிந்துபோயிற்று. வெள்ளைக்காரச் சிப்பாயைக் கடித்துக் குதறும் மரப்புலி ஒன்று திப்புவிடம் இருந்தது. உள்ளே இசைக் கருவி வைத்து உறுமவும் அலறவும் செய்திருந்தார்கள். அந்தப் புலி இன்று லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் கண்ணாடிக்குள்ளே இருக்கிறது. போரிட்டவரின் புத்தகங்கள் கடல் கடந்தன. போரிடாதவரின் புத்தகங்கள் சேர்த்த இடத்திலேயே இருக்கின்றன.

இதைக் கொண்டு, பணிந்து போவதே புத்திசாலித்தனம் என்று யாராவது முடிவு கட்டினால் அது தவறு. பணிந்தும் தஞ்சை தப்பவில்லை என்பதே அடுத்த கதை.

சரபோஜி 1832-ல் காலமானார். அவர் மகன் சிவாஜி 1855-ல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். டல்ஹௌசியின் காலம் அது. வாரிசு இல்லாவிட்டால் ராஜ்யம் இல்லை. பட்டம் ஒழிந்தது. அத்தோடு கம்பெனியார் விடவில்லை. அரண்மனைக்குள் புகுந்து நகை, நாணயம், நிலம், பண்டம் எல்லாவற்றுக்கும் முத்திரை வைத்தார்கள். அரசாங்கச் சொத்து எது, குடும்பச் சொத்து எது என்று பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. ஒரு நாளும் சண்டை போடாத குடும்பத்தில் அப்போதுதான் ஒருவர் சண்டைக்குப் புறப்பட்டார். அவர் மூத்த ராணி காமாட்சி பாய். கோஷாவுக்குள் இருந்தபடியே சென்னைச் சுப்ரீம் கோர்ட்டில் கம்பெனிமேல் வழக்குப் போட்டு ஜெயித்தார். கம்பெனி லண்டன் பிரிவி கவுன்ஸிலுக்கு அப்பீல் செய்தது. 1859-ல் அங்கே தீர்ப்பு ராணிக்கு விரோதமாயிற்று. ஓர் அரசு இன்னோர் அரசின்மேல் செய்த காரியத்தைக் கோர்ட்டு விசாரிக்க முடியாது என்பது காரணம். அந்தத் தீர்ப்பை இன்றைக்கும் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். செய்தது நியாயம் என்று அந்த நீதிபதிகளே சொல்லத் துணியவில்லை. 1862-ல் குடும்பச் சொத்து ராணிகளுக்கே திரும்பிற்று.

சுவடிகள் இத்தனை கலவரத்திலும் பிழைத்தன. பர்னல் என்ற ஆங்கில நீதிபதி சமஸ்கிருதச் சுவடிகளுக்கு 1880-ல் ஒரு பட்டியல் அச்சிட்டார். உலகத்துப் பண்டிதர்கள் தஞ்சாவூர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். 1918-ல் ராஜ குடும்பத்தாரின் சம்மதத்துடன் சரஸ்வதி மகால் பொது நூலகமாயிற்று.

இந்த இடத்தில் நண்பரை நிறுத்தி, “வியன்னாவில் கடைசிச் சக்கரவர்த்தி எப்போது அரண்மனையை விட்டுப் போனார்?” என்று கேட்டேன். அவர் மறந்துவிடவில்லை. 1918 நவம்பர் 11-ஆம் தேதி, உலக யுத்தம் ஓய்ந்த அதே நாளில், சார்லஸ் சக்கரவர்த்தி ஷோன்புருன் அரண்மனையில்தான் அரசு காரியங்களிலிருந்து விலகுவதாகக் கையெழுத்திட்டார். அதன்பின் அந்த அறைகள் பொது ஜனங்கள் சீட்டு வாங்கிப் பார்க்கும் அறைகளாயின. ஒரே ஆண்டில் அங்கே சக்கரவர்த்தியின் வீடும் இங்கே ராஜாவின் நூலகமும் ஊராருக்கு வந்து சேர்ந்தன. அவை யார் காசில் உண்டாயினவோ அவர்களிடமே வந்தன என்று சொன்னாலும் குற்றமில்லை. வந்து சேர இத்தனை நாள் ஆயிற்று, அவ்வளவுதான்.

பிற்பகலில் சிவகங்கைத் தோட்டத்துக்குள் இருக்கும் ஷ்வார்ட்ஸ் பாதிரியாரின் கோயிலுக்குப் போனோம். லண்டன் சிற்பி ஜான் பிளாக்ஸ்மன் செதுக்கிய சலவைக்கல் பலகை ஒன்று அங்கே சுவரில் இருக்கிறது. படுக்கையில் பாதிரியார், அவர் கையைப் பற்றிக்கொண்டு பக்கத்தில் இளவரசர் சரபோஜி. சரபோஜி கடைசிவரை கிறிஸ்தவர் ஆகவில்லை. ஆனாலும் தம் குருவுக்கு ஆங்கிலத்தில் தாமே இரங்கற்பா எழுதிக் கல்லறையில் பொறிக்கச் செய்தார். தர்பார் மண்டபத்துச் சிலை யாரைக் கும்பிடுகிறது என்று கேட்டாரே என் நண்பர், அவர் இந்தப் பலகைக்கு முன்னால் வெகு நேரம் நின்றார். அங்கே அந்தக் கேள்வியை மறுபடியும் கேட்கவில்லை.

ஆனால் அன்று அவர் மனத்தை உண்மையில் அசைத்தது சிலையும் அல்ல, சித்திரமும் அல்ல, கணக்கு. அரண்மனையில் மோடி என்னும் வேகமான மராத்தி எழுத்தில் எழுதிய தினசரி ஆவணங்கள் கட்டுக் கட்டாக இருக்கின்றன. யாருக்கு என்ன சம்பளம், எந்தச் சத்திரத்துக்கு எவ்வளவு அரிசி, எந்த வித்துவானுக்கு என்ன சால்வை என்று எல்லாம் அதில் வரும். 1981-ல் தோன்றிய தமிழ்ப் பல்கலைக்கழகம் அவற்றில் ஒரு பகுதியைத் தமிழாக்கி வெளியிட்டிருக்கிறது. இதைச் சொன்னபோது நண்பர், “பழைய கணக்கைக் கூடவா வச்சிருக்காங்க?” என்றார். சற்றுப் பொறுத்து, “நாங்க எட்டு வருஷத்துக்கு மேல எந்தக் கணக்கும் வச்சுக்கறதில்லீங்க. எடைக்குப் போட்டுருவோம். எங்கப்பா காலத்துப் பின்னல் மெஷினையும் பழைய இரும்புக்குத்தான் போட்டேன்” என்றார்.

அவர் ஒருவர்தானா? எங்கள் ஊர் முழுவதும் அப்படித்தான். உலகத்தின் பாதி உடம்புக்குச் சட்டை தைக்கிற ஊர், தன் முதல் பின்னல் இயந்திரம் எந்தத் தெருவில் ஓடியது என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்கிறது. பழைய சரக்கு மாதிரிகள், கூலிச் சீட்டுக்கள், பில் புத்தகங்கள், வேலை நிறுத்தத் துண்டுப் பிரசுரங்கள் எல்லாம் பழைய காகிதக் கடை வழியாக எங்கேயோ போய்விட்டன. சின்னமலையின் வீரத்தைக்கூட நாட்டுப் பாட்டிலும் செவிவழிச் செய்தியிலும் கம்பெனியார் எழுதி வைத்த காகிதத்திலுமாகத் தேடவேண்டியிருக்கிறது. அவர் பக்கத்துக் காகிதம் கிடைப்பது அரிது. வீரர்கள் நமக்குக் குறைவில்லை. எடுத்து வைக்கிறவர்கள்தான் குறைவு.

சரபோஜியைச் சின்னமலைக்குச் சமமாக வைக்க என் கொங்கு இரத்தம் ஒப்பாது. ஒருவர் உயிரைக் கொடுத்தார். மற்றவர் கௌரவத்தைக் கொடுத்தார். ஆனாலும் நாடு போனபின் ஒரு மனிதர் மிச்சமிருந்த முப்பத்துமூன்று ஆண்டுகளை என்ன செய்தார் என்று கேட்டால், சொல்வதற்குத் தஞ்சாவூரில் ஒரு வீடு நிறைய விடை இருக்கிறது. கையில் ஐந்தில் ஒரு பங்கு இருந்தபோது அதைச் செய்தார். ஐந்து பங்கும் கையில் வைத்திருக்கிற நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று திருப்பூரிலுள்ள பழைய இரும்புக் கடைகளைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.